பாணும் பாங்கும்

தம்பி, தென்கொரியாவின் தேஜோன் நகருக்கு வந்து மூன்று கிழமையாகியும் பேக்கரியில் எதற்குள் இனிப்பு, எதற்குள் இறைச்சி என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். முட்டை பரவாயில்லை, மீன், இறைச்சி மட்டும் தொடமாட்டேன் என்கிறீர்கள். அப்படியென்றால் கவலையே வேண்டாம்.

நாங்கள் பாண் என்பதைக் கொரியர்கள் பாங் என்கிறார்கள். இரண்டுக்கும் மூலம் போர்த்துக்கேயச் சொல்தான்; இங்கே அது ஜப்பான் வழியாக வந்து சேர்ந்தது. கடையில் முதலில் 'பாத்' வைத்த பாங்கைத் தேடுங்கள். சின்னச் சிவப்புப் பயறை அவித்து, சீனி போட்டு மசித்த கருஞ்சிவப்புக் களி அது. கடித்ததும் எங்கள் மோதகத்துக்குள் இருக்கும் பயறு நினைவுக்கு வரும். தேங்காய்ப்பூவும் ஏலக்காயும்தான் இல்லை. இனிப்பும் எங்கள் அளவுக்கு இராது. ஒரு மாதம் போனால் அந்த அளவே உங்களுக்குப் பிடித்துவிடும்.

குளிர் தொடங்கியதும் தெருவோரத்தில் மீன் அச்சில் மாவை வார்த்துச் சுடுவார்கள். அதன் பெயர் புங்கொப்பாங். மீன் என்று ஒதுங்கிவிடாதீர்கள், உருவம்தான் மீன். உள்ளே பாத் அல்லது கஸ்டர்ட் இருக்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பதைப் பெருமையாகச் சொல்வதுபோல, புங்கொப்பாங் வண்டிக்குப் பக்கத்தில் வீடு இருப்பதற்கும் இவர்கள் 'புங்செக்வொன்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஹொத்தொக்கையும் விடாதீர்கள். கறுவாவும் கச்சானும் கலந்த பழுப்புச் சீனியை மாவுக்குள் பொதிந்து தட்டையாக்கிப் பொரிப்பது அது. உருகிய சீனி நெருப்பு மாதிரி இருக்கும், ஆறவிட்டுக் கடியுங்கள். நான் பொறுக்காமல் கடித்து இரண்டு நாள் நாக்கு வெந்து கிடந்தேன்.

உங்கள் ஊரிலேயே சொங்சிம்தாங் இருக்கும்போது வேறு கடைகளைப் பற்றி நான் ஏன் எழுதவேண்டும்? கொரியப் போரில் வடக்கே ஹம்ஹுங்கிலிருந்து கப்பலேறித் தப்பி வந்த ஒரு குடும்பம், தேவாலயப் பாதிரியார் கொடுத்த இரண்டு மூட்டை கோதுமை மாவோடு, 1956இல் தேஜோன் ரயில் நிலையத்துக்கு முன்னால் ஆவியில் அவித்த பாங் விற்கத் தொடங்கிய கடை அது. விற்று மிஞ்சுவதை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இன்றும் நிற்கவில்லை. தேஜோனுக்கு வெளியே கிளை திறக்கவும் இல்லை. இடம்பெயர்ந்து வந்த வீட்டுப் பிள்ளையான எனக்கு அந்த வரிசையில் நிற்பது ஒருபோதும் சலித்ததில்லை. 1980இல் அவர்கள் செய்யத் தொடங்கிய பொரித்த சொபொரோவை வாங்குங்கள். மேலே மொறுமொறுவென்று உதிரும் மாவு, உள்ளே பாத். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

கவனிக்கவேண்டியது கொரொக்கே. பார்த்தால் சீனி தூவாத டோனட் போல இருக்கும். உள்ளே பெரும்பாலும் இறைச்சியும் கலந்திருக்கும். சந்தேகம் வந்தால் "கோகி துரொ இஸ்ஸொயோ?" என்று கேளுங்கள். இறைச்சி இருக்கிறதா என்று அர்த்தம். கடைக்காரர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.

தெரு வண்டிகளில் பல இடங்களில் கார்ட் எடுக்கமாட்டார்கள். குளிருக்கு முன்னமே ஆயிரம் வொன் தாள்கள் கொஞ்சம் மாற்றி, ஜாக்கெட் பையில் போட்டு வையுங்கள்.