கே10-ஆ, கே20-ஆ? பழைய ஷெவ்ரலே பிக்கப்பை உயர்த்தும் முன்

வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பான லிஃப்ட் கிட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது ‘அரை டன்னா, முக்கால் டன்னா, ஒரு டன்னா’ என்றுதான். வண்டி கைமாறிக் கைமாறி வந்திருந்தால் பதில் சொல்லத் திணறுவோம். 1973 முதல் 1987 வரை வந்த சதுர உடல் ஷெவ்ரலே, ஜிஎம்சி ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புகளைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இவற்றில் கே10 அரை டன், கே20 முக்கால் டன், கே30 ஒரு டன். கடைசியில் ஒரு ஃபோர்டும் உண்டு.

அண்ணா, என்னுடையது 1979 மாடல். பக்கவாட்டு பேட்ஜ் இரண்டும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்ஜ் இருந்தாலும் நம்ப வேண்டாம் தம்பி. ஃபெண்டரை மாற்றினால் பேட்ஜும் கூடவே மாறிவிடும். வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைப் பாருங்கள். 1980 வரை அது 13 இடங்கள் கொண்டது. முதல் எழுத்து ‘சி’ என்றால் ஷெவ்ரலே, ‘டி’ (T) என்றால் ஜிஎம்சி. இரண்டாவது எழுத்து ‘கே’ என்றால் ஃபோர் வீல் டிரைவ். அங்கே ‘சி’ இருந்தால் டூ வீல் டிரைவாகப் பிறந்த வண்டி. மூன்றாவது என்ஜின். உங்களுக்கு வேண்டியது நான்காவது இடம்: 1 என்றால் அரை டன், 2 என்றால் முக்கால் டன், 3 என்றால் ஒரு டன். ஆறாவது இடத்தில் 9 இருந்தால் ஆண்டும் பொருந்துகிறது.

என் 1984 வண்டியில் 17 இடங்கள் இருக்கின்றனவே?

1981-லிருந்து அப்படித்தான், அது நமக்கு இன்னும் நல்லது. ஆறாவது இடம் அதே 1, 2, 3. அதோடு நான்காவது எழுத்து மொத்த எடை மதிப்பின் (சுமையோடு வண்டியின் உச்ச எடை) வரம்பையே சொல்லிவிடும். ‘ஈ’ என்றால் 6,001 முதல் 7,000 பவுண்டு, ‘எஃப்’ 7,001 முதல் 8,000, ‘ஜி’ 8,001 முதல் 9,000, ‘ஹெச்’ 9,001 முதல் 10,000. கே10 பெரும்பாலும் ‘ஈ’, வழக்கமான கனரக கே20 ‘ஜி’. பத்தாவது எழுத்தும் ‘ஈ’ ஆக இருந்தால் 1984. இரண்டு ‘ஈ’யையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1987-ல் ‘கே’ என்ற பெயரே ‘வி’ என்று மாறியது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ‘வி’யைப் பார்த்து வேறு ஏதோ என்று பயப்பட வேண்டியதில்லை.

சரியான பவுண்டு கணக்கு வேண்டுமென்றால் ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கர். அதில் முழு வண்டிக்கான மொத்த எடை மதிப்பு (ஜி.வி.டபிள்யூ.ஆர்.) ஒன்றும், முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் தனித்தனியாக உச்ச எடை மதிப்பு (ஜி.ஏ.டபிள்யூ.ஆர்.) இரண்டும் இருக்கும். மூன்றையும் எழுதி வையுங்கள்.

அரை டன் என்றால் ஐந்நூறு கிலோதான் ஏற்றலாமா?

இல்லை. அமெரிக்க அரை டன் என்பது 1,000 பவுண்டு, ஏறக்குறைய 450 கிலோ. அந்தக் காலத்துச் சுமைக் கணக்கு பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது, இன்று அது வெறும் வகைப் பெயர். ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடை மதிப்பு வேறு: வண்டி, ஆட்கள், எரிபொருள், சரக்கு எல்லாம் சேர்ந்த உச்ச எடை அது. அதிலிருந்து உங்கள் வண்டியின் வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலருக்கும் இது தெரிவதில்லை. அந்த மொத்த எடை எண் ஸ்பிரிங்கை மட்டும் வைத்து வந்ததில்லை. ஃபோர்டு எஃப்-150 1975-ல் வந்ததே 6,000 பவுண்டைத் தாண்டுவதற்காகத்தான். அதற்குக் கீழே இருந்தால் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மாட்ட வேண்டியிருந்தது. அதனால் பக்கத்துப் பக்கத்து எண்கள் கொண்ட இரண்டு வண்டிகளுக்குக் கீழே ஒரே மாதிரி இரும்பு இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள், குனிந்து பாருங்கள்.

சக்கரத்தில் எட்டு நட்டு இருக்கிறது. அப்படியானால் கே20 தானே?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த கணக்கு நீங்கள் சொல்வதுதான்: கே10-க்கு ஆறு நட்டு, கே20-க்கும் கே30-க்கும் எட்டு. ஆனால் நாற்பது வருடத்தில் ஆக்ஸில் மாறியிருக்கலாம். நான் வாங்கிய கே10-ன் வின் எண் அரை டன் என்றது. நானும் அரை டன் கிட் வரவழைத்தேன். பின்பக்கம் ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யூ போல்ட்டைப் போட்டால் ஆக்ஸிலின் ஹவுசிங் குழாய் உள்ளேயே போகவில்லை. முன்பு வைத்திருந்தவர் முக்கால் டன் ஆக்ஸிலை இறக்கி, ஸ்பிரிங் பட்டைகளை மட்டும் பழையபடி விட்டிருந்தார். பழுப்பு நிறத் துருவுக்குள் எட்டு நட்டு எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றும் வருத்தம்தான்.

ஆகவே ஆக்ஸிலைத் தனியாக அடையாளம் காணுங்கள். பின் ஆக்ஸிலின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் மூடியில் போல்ட்டுகளை எண்ணுங்கள். 10 அல்லது 12 என்றால் அரை டன் இனம். 14 என்றால் கனம். அதிலும் சக்கரத்தின் நடுவே பாருங்கள்: ஹப் ஒரு சின்ன டப்பா போல ரிம்மைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, அதன் முகத்தில் எட்டு போல்ட் தெரிந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டர், 10.5 அங்குல கிரவுன் வீல் (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) கொண்டது. அந்த எட்டையும் கழற்றினால், ஜாக் வைக்காமலே ஆக்ஸில் ஷாஃப்ட் கையோடு உருவி வரும். வண்டியின் எடை முழுவதையும் ஹப்பும் ஹவுசிங்குமே தாங்குகின்றன. 14 போல்ட்டிலேயே ஹப் நீட்டாத 9.5 அங்குல வகையும் உண்டு, அது இலேசான முக்கால் டன் வண்டிகளுக்கு வந்தது.

வின் எண் வண்டி பிறந்த கதையைச் சொல்லும், ஆக்ஸில் இன்றைய நிலையைச் சொல்லும். கிட்டில் யூ போல்ட்டும் தட்டுகளும் இன்றைய ஆக்ஸிலுக்கு வாங்க வேண்டும். சுமை ஏற்றுவது மட்டும் ஸ்டிக்கர்படி.

கதவு ஸ்டிக்கர் பெயிண்டுக்குள் போய்விட்டது.

டாஷ்போர்டு அறை மூடியின் உள்பக்கம் ஒரு காகித ஸ்டிக்கர் இருக்கும், தொழிற்சாலையில் போட்ட பாகங்களைச் சொல்லும் மூன்று எழுத்துக் குறியீடுகள் வரிசையாக. அதன் மேல் வின் எண்ணும் அச்சிட்டிருக்கும். முதலில் அது வண்டியின் வின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த மூடி வேறு வண்டியிலிருந்து வந்தது.

கனமான லிஃப்ட் ஸ்பிரிங் போட்டால் என் கே10-ல் கூடுதல் சுமை ஏற்றலாமா?

கூடாது. பிரேக், ஆக்ஸில், சேஸ், ரிம் எதுவும் மாறவில்லையே. தவிர முக்கால் டன் பட்டையைப் போட்ட வெறும் கே10 மேட்டில் ஏறினால் மாட்டு வண்டி மாதிரி குதிக்கும். லாரிகள் நிற்கும் இடத்து எடை மேடையில் முன் சக்கரம், பின் சக்கரம் தனித்தனியாக நிறுத்தி எடை போட்டுவிட்டு ஸ்பிரிங் சொல்லுங்கள். 6.2 லிட்டர் டீசலோ 454 கன அங்குலப் பெரிய என்ஜினோ இருந்தால், அல்லது முன்னால் வின்ச் (கம்பி வடம் சுற்றி இழுக்கும் கருவி) இருந்தால், அதையும் கடையில் சொல்ல வேண்டும். அப்புறம் டயர்: பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச சுமையை இரண்டால் பெருக்கினால் அந்த ஆக்ஸிலின் ஜி.ஏ.டபிள்யூ.ஆர்.க்குக் குறையக் கூடாது.

முன்னால் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் வைத்து உயர்த்தலாமா? மலிவாக முடிகிறது.

வேண்டவே வேண்டாம். பிரேக் அடிக்கும்போது முன் ஆக்ஸில் முறுக்கும், பிளாக் நழுவினால் ஸ்டீயரிங் கையில் இருக்காது. பின்னால் ஒற்றை பிளாக் சரி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது. கே10, கே20 பின்பக்கத்துக்கு ஸ்பிரிங்கைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளைத் திருப்பிப் போடும் கிட் என் விருப்பம். பழைய பட்டையையே வைத்து 4 அங்குலம் கிடைக்கிறது.

4 அங்குலம் ஏற்றியபின் மேட்டில் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. வண்டி கே30.

ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான டிராக் லிங்க் சாய்ந்துவிட்டது. கே10, கே20-ல் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிள் மேல் உயர்த்தப்பட்ட ஸ்டீயரிங் ஆர்ம் போடுவார்கள். உங்கள் கே30-ல் 1977 முதல் முன்னால் டானா 60 என்ற கனரக ஆக்ஸில், நக்கிள் கிங்பின் என்ற முளையில் திரும்பும் வகை. அதன் ஆர்ம் கிங்பின் மூடியாகவே மேலே உட்கார்ந்திருக்கும். அரை டன் கிட்டோடு வரும் ஆர்ம் அதில் உட்காராது, டானா 60-க்கான ஆர்ம் என்று கேட்டு வாங்குங்கள். முன் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் இன்றே பாருங்கள்.

வண்டிக்கு அடியில் இருக்கும்போதே இன்னொன்றும் செய்யுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட்டுகளைச் சுற்றிச் சேஸை கம்பி பிரஷால் தேயுங்கள். என்ஜின் ஓட, டயர் தரையில் இருக்க, ஒருவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொல்லி டார்ச் அடியுங்கள். தலைமுடி போன்ற கோடு வாய் திறந்து மூடினால் விரிசல். சதுர உடல் வண்டிகளில் பெரிய டயர் போட்ட பிறகு இது சகஜமாக வருவது. வெல்டிங்கோடு வலுத் தட்டும் போடாமல் ஓட்டாதீர்கள்.

என்னிடம் 1976 ஃபோர்டு எஃப்-250 ஃபோர் வீல் டிரைவ். 1978 கிட் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வின் எண் எஃப்26 என்று தொடங்குகிறதா பாருங்கள், அதுதான் ஃபோர் வீல் டிரைவ் எஃப்-250. அப்படியானால் 1977 நடுவரை வந்த ‘ஹைபாய்’ உங்களுடையது. கியர்பாக்ஸுக்கும், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட் ஓடினால் சந்தேகமே இல்லை. அதன் சேஸே வேறு, பிறக்கும்போதே உயரம். 1978 கிட் பொருந்தாது.