வாசகர் கேள்வி பதில்: கேத்தலுக்குப் புளிப்பு, நிலத்துக்கு வேண்டாம்

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. தண்ணீர் வாளி வைக்கிற இடத்தில் குசினிச் சீமெந்து நிலத்திலும் அதே வெள்ளை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கை நொந்ததுதான் மிச்சம். இவர் அசிட் ஊற்றலாம் என்கிறார், ஊற்றலாமா?
- ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: நிலத்தில் ஊற்றவே வேண்டாம். வன்னியில் பல கிணறுகளில் கல்சியம் கூடின தண்ணீர்தான், அது கொதிக்கும்போது கல்சியம் காபனேற்றாகப் படியும், சவர்க்காரத்துக்கு அது அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். கேத்தலில் பாதி வினாகிரி, பாதி தண்ணீர் விட்டுச் சுட வைத்து (பொங்க விடாதீர்கள்) ஒரு மணித்தியாலம் அப்படியே விடுங்கள். சின்னச் சின்னக் குமிழி எழும்பி வெள்ளை பொருக்குப் பொருக்காய்க் கழன்று வரும். தேசிக்காய்ப் புளியும் சரிதான். அப்புறம் வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்க வைத்து ஊற்றிவிட்டால் மணமும் போய்விடும்.

சீமெந்திலும் கல்சியம்தான் இருக்கிறது, அதனால் அசிட் படிவை மட்டும் தின்னாது, நிலத்தையும் சேர்த்துத் தின்னும். முதல் நாள் பளிச்சென்று இருக்கும், பிறகு மேல்பூச்சு போய் மணல் கிளம்பும். சிவப்புச் சாயம் போட்ட நிலமென்றால் நிறமும் திட்டுத் திட்டாகப் போகும். ஈரமாக்கிக் கட்டைத் தும்புத்தடியால் தேயுங்கள், வாளிக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள். இவரிடம் அசிட் காசுக்கு ஒரு நல்ல தும்புத்தடி வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கக்கூஸ் கோப்பையில் பழுப்புக் கறை. கழுவுகிற திராவகத்தோடு பிளீச்சும் கலந்தால் கெதியாய்ப் போகுமா?
- முல்லைத்தீவு

பதில்: கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு சின்ன அறைக்குள் அதைச் சுவாசித்தால் ஆஸ்பத்திரிதான். அந்தப் பழுப்பு பெரும்பாலும் தண்ணீரில் உள்ள இரும்பின் கறள், பிளீச் அதை வெளுக்காது, இன்னும் இறுக்கித்தான் விடும். திராவகத்தை மட்டும் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். பிளீச் தேவைப்பட்டால் இன்னொரு நாளைக்கு.

கேள்வி: எண்ணெய் பிடித்த அலுமினியச் சட்டிக்கு வோஷிங் சோடா?
- வவுனியா

பதில்: எண்ணெய்க்குச் சோடா நல்லது, ஆனால் அலுமினியத்தைக் கறுப்பாக்கிவிடும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போதும். ஏற்கெனவே கறுத்திருந்தால் பழப்புளி கரைத்துக் கொதிக்க விடுங்கள், வெளுக்கும். எவர்சில்வருக்குச் சோடா தாராளமாகப் போடலாம்.