காலியாகாத தண்ணீர் பாட்டில்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு வரும் ஜூனில் மூன்றரை வயது ஆகிறது. இந்த வருடம் பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கிற ப்ளே ஸ்கூலுக்குப் போனான். எல்கேஜிக்கு நாங்கள் பார்த்திருக்கும் பள்ளியில் காலை எட்டே முக்காலிலிருந்து மாலை மூன்றேகால் வரை வகுப்பு. வேன் எட்டு மணிக்கே வந்துவிடும், வீடு திரும்ப நாலு ஆகிவிடும். அவன் இன்னும் தானாகச் சாப்பிடுவதில்லை. மத்தியானம் ஒரு மணி நேரமாவது தூங்கியாக வேண்டும். தமிழ் மட்டும்தான் பேசுவான். அட்மிஷனுக்குப் போனபோது மேடம் நிறங்களின் பெயரைக் கேட்டார். இவன் என் துப்பட்டாவுக்குள் போய் ஒளிந்துகொண்டான். "குழந்தை இன்னும் ரெடி ஆகலை, ஆனா சேருங்க, பழகிடுவான்" என்றார்கள். மாமியார், இன்னும் ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும் என்கிறார். கணவர், அப்படி விட்டால் பின்தங்கிவிடுவான் என்கிறார். பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கு அனுப்புகிறார்களாமே? இங்கிலீஷ் எழுத்துகளை ஒலியை வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஃபோனிக்ஸ் இப்போதே ஆரம்பிக்கலாமா? ஸ்டேட் போர்டா, சிபிஎஸ்இயா? நான் வேலைக்குப் போகிறவள். குற்ற உணர்ச்சியோடுதான் இதை எழுதுகிறேன். முழுநாள் பள்ளிக்கு அவன் தயாராகிவிட்டானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

குழந்தை வளர்ப்பு பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கு எனக்கு என்ன தகுதி என்று என் மனைவியைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார். உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் பேத்தியும் இந்த ஜூனில் எல்கேஜி போகிறாள். போன வாரம்தான் ஓசூரில் என் மகளோடு ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போய்விட்டு வந்தேன். அங்கே நடந்தது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சில்லறையை முடித்துவிடுகிறேன். ஃபோனிக்ஸ் வேண்டாம். ஸ்டேட் போர்டா சிபிஎஸ்இயா என்று துப்பட்டாவுக்குள் ஒளிகிற பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பின்லாந்தையும் விட்டுவிடுங்கள். அங்கே ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு என்பது சரி. அதுவரைக்கும் பிள்ளைகள் அம்மா மடியிலா உட்கார்ந்திருக்கிறார்கள்? பெரும்பாலானவர்கள் பகல்நேரக் காப்பகங்களுக்குப் போகிறார்கள், அங்கே சூடாகச் சாப்பாடு போட்டு, மத்தியானம் படுக்கை விரித்து ஓய்வெடுக்க வைக்கிறார்கள். நம் ஊர் வாட்ஸ்அப்பில் படுக்கையை விட்டுவிட்டு ஏழு வயதை மட்டும் அனுப்புகிறார்கள்.

குற்ற உணர்ச்சி என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள். உங்கள் கணவரும் வேலைக்குத்தான் போகிறார். அவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தால் அந்த வார்த்தை அதில் இருந்திருக்குமா?

பின்தங்கிவிடுவான் என்கிறார் அவர். யாருக்குப் பின்னால்? தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் 3 வயது முடிந்தால் எல்கேஜி, 5 முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்கிறது. இரண்டு அரசாங்கத்துக்கு நடுவிலேயே ஒரு வருடம் இடிக்கும்போது உங்கள் பையன் ஒரு வருடம் பொறுத்துப் போனால் குடி முழுகிப்போகாது. பொறுக்காமல் போனாலும் முழுகாது.

அப்புறம் அந்த "ரெடி ஆகலை, ஆனா சேருங்க". இதைக் கேட்டுவிட்டு எப்படி அம்மா கோபம் வராமல் வீட்டுக்கு வந்தீர்கள்? ரெடி இல்லை என்று சொன்னவர் சேர்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? பிள்ளை ரெடி ஆகாவிட்டால் பரவாயில்லை, ஃபீஸ் ரெடியாக இருந்தால் போதும். நாளைக்கு அவன் எதற்காவது அழுதால், அன்றைக்கே சொன்னோமே என்பார்கள். சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக்கூடாது, மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம் என்று 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் குழந்தை என்று சொல்வது 6 முதல் 14 வயதுக்காரர்களை. மூன்றரை வயதுக்காரன் அதன் கணக்கில் இன்னும் குழந்தையாகவே ஆகவில்லை. அந்தச் சந்தில்தான் நிறம் கேட்கிற மேடம்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் காலத்திலும் ரெடியா என்று பார்த்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும், அவ்வளவுதான். என் தம்பிக்கு எட்டவில்லை. தலையைச் சாய்த்து, காதைக் கைக்குக் கொண்டுவந்து தொட்டான். வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பதிவேட்டில் பெயரை எழுதினார். காது எட்டாதவனை மந்தம் என்று யாரும் சொன்னதில்லை, அடுத்த வருடம் கை நீண்டுவிடும்.

"தமிழ் மட்டும்தான் பேசுவான்" என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட மாட்டான், தூங்கிவிடுவான் என்ற குறைகளின் வரிசையில் இதையும் சேர்த்திருக்கிறீர்கள். மூன்றரை வயதில் ஒரு பிள்ளை ஒரு பாஷை முழுவதையும் கையில் வைத்திருக்கிறான். தனக்குப் பசிக்கிறது, வலிக்கிறது, அந்தப் பையன் கிள்ளினான் என்று சொல்ல அவனுக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொள்ளத் தெரியாத இடத்துக்கு அவனை அனுப்பப் போகிறீர்கள். இதில் யாருடைய குறை?

நான் இவ்வளவு சூடாவதற்குக் காரணம் இருக்கிறது.

1996 ஜூன். திருச்சியில் அப்போது இருந்தோம். என் மகளுக்கு மூன்றே முக்கால் வயது. எங்கள் தெருவிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளி. காலையிலிருந்து மூன்றரை வரை எல்கேஜி. அவளுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், கழுத்தில் மாட்டிக்கொள்ள வார் வைத்தது. ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும்போது அது அவள் வயிற்றில் இடித்து இடித்து ஆடும். பாட்டில் நிறைந்தே போகும், நிறைந்தே வரும். "தண்ணியே குடிக்க மாட்டேங்கிறா" என்று மனைவி சொல்வாள். மறந்துவிடுவாள், விளையாட்டு மும்முரம் என்பேன் நான். வந்ததும் பையைக்கூட இறக்காமல், ஷூவோடு, நேராக பாத்ரூமுக்கு ஓடுவாள். "பல்லவன் எக்ஸ்பிரஸ் வந்துடுச்சு, வழி விடுங்க" என்று நான் தினமும் ஒரே ஜோக்கைச் சொல்வேன். பக்கத்து வீட்டுப் பையனின் பையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர் ஒன்று அடிக்கடி வரும், உள்ளே ஈர நிக்கர். எங்கள் வீட்டுக்கு அந்தக் கவர் ஒரு நாளும் வந்ததில்லை. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆபீஸில் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட்டில் குளிர் காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை, உடம்பு மட்டும் தூக்கிப்போடுகிறது. டாக்டரம்மா வயதானவர். ஒன்றுக்குப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், கிருமித் தொற்று என்று வந்தது. அந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டு என்னை விட்டு அவளிடம் கேட்டார். "ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போவியா கண்ணு?" அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. ஏன் என்று கேட்டதற்கு என்னைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "இங்கிலீஷ்ல கேட்டாத்தான் மிஸ் விடுவாங்க. எனக்கு அது வராது."

வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால், அத்தனை மில்லிதான் அந்த வயதுப் பிள்ளையின் மூத்திரப்பை கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னார். நாலு வயதுக்கு 150. தன் மேஜையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைத் தூக்கி, முக்கால்வாசியில் விரலை வைத்துக் காட்டினார். "இவ்வளவுதான் சார். இதை வச்சுக்கிட்டு ஏழு மணி நேரம் உக்காந்திருக்கா." எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் குடித்தால்தானே வரும்? அவளாகவே கண்டுபிடித்த வழி அது. ஒருவரிடமும் சொல்லாமல், இரண்டு மாதம், திருச்சி வெயிலில்.

இதோடு முடிந்திருந்தால் பள்ளிக்கூடத்தைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். அன்றைக்கு ராத்திரி நான் செய்ததைச் சொல்கிறேன். மறுநாள் பள்ளிக்குப் போய் சண்டை போடலாம் என்று நினைத்தேன், போடவில்லை. சீட்டுக்கு அலைந்த அலைச்சல் அப்படி. காய்ச்சல் விடாத பிள்ளையை மடியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். மே ஐ கோ டு டாய்லெட், மிஸ். மறுபடி சொல்லு. மே ஐ கோ டு டாய்லெட், மிஸ். "மேயாய்கோ" என்றாள். இன்னொரு தரம். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். ஒரு ஃபைவ் ஸ்டார் சாக்லெட் வாங்கிக் கொடுத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று அதையும் ஆபீஸில் சொன்னேன். பல வருடம் அதை ஒரு வெற்றிக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கே.

அதனால் பள்ளிக்கூடம் பார்க்கப் போகும்போது கழிப்பறையைப் பாருங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் கருகிய பிறகு நாம் கூரையைப் பார்க்கவும் மாடிப்படியைப் பார்க்கவும் கற்றுக்கொண்டோம். கழிப்பறைக் கதவை இன்னும் தள்ளிப் பார்ப்பதில்லை. வகுப்பிலிருந்து எத்தனை தப்படி? வழியில் படி இருக்கிறதா? பெரிய பிள்ளைகளும் அதே இடத்துக்குத்தான் வருகிறார்களா? பகலிலேயே இருட்டாக இருந்தால் உங்கள் பையன் உள்ளே போக மாட்டான். வீட்டில் வெஸ்டர்ன், அங்கே இந்தியன் என்றாலும் போக மாட்டான், வழுக்கிவிடும் என்று பயப்படுவான். மக் எட்டுகிறதா? ஆயா அந்த வாசலிலேயே இருக்கிறாரா, அல்லது ஆபீசுக்கு டீ வாங்கப் போகிறவரும் அவரேவா? பத்தரைக்கு ஒரு மணி அடித்து எல்லோரையும் வரிசையாகக் கூட்டிப்போவோம் என்று பெருமையாகச் சொன்னால், பதினொன்றேகாலுக்கு வந்தால் என்ன செய்வான் என்று கேளுங்கள். யூனிஃபார்மையும் பாருங்கள். மூன்றரை வயதுப் பையனுக்குக் கொக்கி, ஜிப், அதற்கு மேல் ஸ்கூல் பேர் போட்ட பெல்ட். நான் ஒரு சாயங்காலம் அந்தக் கொக்கியை ஒரு கையால் கழற்றிப் பார்த்தேன், எனக்கே நேரமாகிறது. எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பள்ளி வேண்டாம். இதற்குமேல் எந்தப் பரிசோதனையும் தேவையில்லை என்றே சொல்வேன்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வரி. இந்த வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. 1975-இல் தொடங்கிய அங்கன்வாடிகளில் இன்றும் சோறு போட்டுப் பாய் விரிக்கிறார்கள். பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைக்குத்தான் பாய் கிடையாது, டெஸ்க்கில் தலை சாய்த்தால் "ஸ்லீப்பி" என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள்.

ஓசூரில் அந்த முதல்வரம்மா எங்களுக்கு ஸ்மார்ட் போர்டைக் காட்டினார், மணல் தொட்டியைக் காட்டினார், கேமராக்களைக் காட்டினார். என் மகள், டாய்லெட் எங்கே என்றாள். அவர் ஸ்டாஃப் ரூம் பக்கம் கை காட்டினார். "எனக்கில்ல மேடம், எல்கேஜி பசங்க போறது." பேத்தியையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே பேத்தியின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அங்கிருந்த ஆயாவிடம், "இவ தமிழ்லதான் கேப்பா. புரியுமாக்கா?" என்றாள். அந்த அம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு போலிருக்கிறது. "எந்தப் பாஷையில கேட்டா என்னம்மா? காலை இடுக்கிக்கிட்டு நிப்பாங்களே, அதுலயே தெரிஞ்சிரும்" என்றார். என் மகள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது காரில் கேட்டேன், உன் எல்கேஜி மிஸ்ஸை ஞாபகம் இருக்கிறதா என்று. இல்லை என்றாள். பள்ளிக்கூடமும் ஞாபகமில்லை, காய்ச்சலும் ஞாபகமில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, இடைவெளியே இல்லாமல் ஒரே மூச்சில், "மேயாய்கோடுடாய்லெட்மிஸ்" என்றாள். பின் சீட்டில் பேத்தி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள்.

உங்கள் கேள்வியை விட்டு எங்கேயோ போய்விட்டேன். அனுப்புங்கள். வேறு வழி இருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். முதல் மாதம் பன்னிரண்டரைக்குக் கூட்டிப்போகிறோம் என்று கேளுங்கள், மாமியார் போய் அழைத்து வரட்டும், அவருக்கும் திருப்தியாக இருக்கும். தானாகச் சாப்பிடாவிட்டால் இட்லி, சப்பாத்திச் சுருள் என்று கையால் எடுத்துத் தின்கிற மாதிரி கொடுத்தனுப்புங்கள், கொஞ்சம் கீழே சிந்தட்டும். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்காதீர்கள். பாட்டிலைக் கையில் வாங்கி ஆட்டிப் பாருங்கள்.