16 வயதுத் தம்பியை அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் பணம் கொடுத்து முடித்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். ஏற்கெனவே போன 5,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராமில் பெண் பெயரில் பழகியவன் தம்பியிடம் படம் வாங்கிக்கொண்டு, இன்னும் 20,000 தராவிட்டால் பள்ளி நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவேன் என்கிறான். அப்பா கோபக்காரர், அதனால் நானே கொடுத்துவிடட்டுமா என்று கேட்கிறீர்கள். கொடுத்து முடிகிற விவகாரம் இல்லை இது. 5,000 கைக்கு வந்ததும் 20,000 கேட்டானே, அதுவே போதாதா? பணம் பெயரும் இடம் என்று தெரிந்துகொண்ட பிறகு எவனும் விடமாட்டான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் வழக்குகளில் குழந்தைகள் தரப்பில் நிற்கும் வழக்கறிஞன் நான். இந்த மிரட்டல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் பையனின் ஃபாலோயர் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கே அனுப்புவார்கள். வகுப்பாசிரியர், அத்தை மகள், டியூஷன் நண்பன் பெயர்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கும். அடுத்து, ‘பத்து நிமிடம் தருகிறேன்’, ‘ஒன்பது’, ‘எட்டு’ என்று வந்துகொண்டே இருக்கும். யாரிடமும் கலந்து பேச நேரம் கிடைக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. தம்பி உங்களிடம் சொல்லிவிட்டதால் அந்தக் கணக்கு பாதி கெட்டுவிட்டது. படத்தை வெளியே விட்டுவிட்டால் மிரட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது என்பதும் அவனுக்குத் தெரியும். அதற்காக அனுப்பவே மாட்டான் என்று நான் உறுதி தர முடியாது. ஆத்திரத்தில் ஓரிருவருக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. ‘அனுப்பினால் அனுப்பட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டில் ஒருவராவது தம்பியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகு மிரட்டுகிறவனிடம் விற்பதற்குச் சரக்கு இல்லை.

ஆகவே இன்றிரவு போலீசுக்கும் முன்னால் தம்பியைக் கவனியுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2022 மார்ச்சில் 17 வயது மாணவன் ஒருவன் இதே வகை மிரட்டலில் சிக்கினான். பணம் கொடுத்தும் விடவில்லை. ஒரே இரவில் உயிரை விட்டான். மிரட்டிய நைஜீரிய அண்ணன் தம்பி இருவரும் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2024இல் ஆளுக்குப் பதினேழரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை; முதல் சில மணி நேரம்தான் ஆபத்தானது என்பதற்காகச் சொல்கிறேன். தம்பியைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். சாகலாம் போலிருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ‘ஏன் அனுப்பினாய்?’ என்ற கேள்வியை இந்த வாரம் யாரும் எடுக்க வேண்டாம்.

போனைப் பிடுங்கவும் வேண்டாம். ஒரு தந்தை கோபத்தில் மகனின் போனைத் தரையில் அடித்துவிட்டு என்னிடம் வந்தார். சாட்சியம் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. மிரட்டியவனை பிளாக் செய்வதற்கு முன் உரையாடல், அவனுடைய கணக்கின் முழு இணைப்பு, யுபிஐ முகவரி, பணம் போன பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கணக்கில் தெரியும் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் பயனில்லை, நொடியில் மாற்றிவிடுவான். இன்னொன்று முக்கியம். மிரட்டல் வரிகளை மட்டும் படமெடுங்கள், தம்பியின் அந்தரங்கப் படத்தை ஆதாரம் என்று நினைத்து மாமாவுக்கோ வழக்கறிஞருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் அத்தகைய படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். அது போனிலேயே இருக்கட்டும்.

‘டேக் இட் டவுன்’ என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டலுக்கு உள்ளான குழந்தைகளுக்கான அமெரிக்க மையம் 2023இல் தொடங்கியது. இங்கிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் கேட்பதில்லை. படம் போனைவிட்டு எங்கும் போகாது; அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப் போல மறையாக்கம் செய்த உரையாடலில் போவதை இதனால் தடுக்க முடியாது. படம் ஒரு தளத்தில் ஏறிவிட்டால் அந்தத் தளத்துக்கே புகார் அனுப்புங்கள். 2026இல் திருத்தப்பட்ட 2021 ஐடி விதிகளின்படி இத்தகைய புகார் வந்த 2 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

பணம் போயிருப்பதால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் அது போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ‘பையன்தானே, போக்சோ எப்படி வரும்?’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்தச் சட்டத்துக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது. குழந்தையின் உடலைக் காட்டும் படத்தை, அது உண்மையானதோ பொய்யாகத் தயாரித்ததோ, வெளியிடுவேன் என்று மிரட்டுவதே 11ஆம் பிரிவில் குற்றம். வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம். வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பெயரையோ பள்ளியையோ ஊடகம் வெளியிட முடியாது. அப்பா அஞ்சுவது பெரும்பாலும் ஊர் வாய்க்குத்தான் என்பதால், இந்த விவரத்தை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்பாவிடம் நீங்களே பேசுங்கள், தம்பி பக்கத்தில் இல்லாதபோது. கத்துவதையெல்லாம் உங்களிடம் கத்தித் தீர்த்துவிட்டுப் பிறகு அவனிடம் போகட்டும். அவரிடம் பேசவே முடியாது என்றால் அம்மாவோ தாய்மாமனோ யாராவது ஒரு பெரியவர் வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அழைக்கலாம். நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டிய பாரம் இல்லை இது.

சில நாள் கழித்து வேறு எண்ணிலிருந்து ஒருவன் கூப்பிடலாம். டெல்லி போலீஸ் என்பான், சிபிஐ என்பான், வீடியோ யூடியூபில் ஏறிவிட்டது, நீக்கக் கட்டணம் கட்டு என்பான். அதே கும்பலின் இரண்டாவது ஆட்டம் அது. எண்ணைக் குறித்துக்கொண்டு அதே புகாரோடு சேர்த்துவிடுங்கள்.