20 அமர்வுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 34, தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வண்ணாரப்பேட்டையில் சுரங்க மெட்ரோவுக்குப் படியிறங்கினாலே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போய்விடும் போல் இருக்கிறது. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக உள்ளன. ‘பேனிக் அட்டாக்’ என்று மருத்துவர் சொன்னார். ஸ்கேன் சென்டரில் ஒருவர் தந்த முகவரிக்குச் சென்றால், 20 அமர்வு ஹிப்னோசிஸுக்கு 40,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். எனக்கு ஏற்ற சிகிச்சை எது?

பதில்: சகோதரி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் தொல்லைக்கு நன்கு சோதித்துப் பார்க்கப்பட்ட முறை, சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இதயம் சற்று வேகமாகத் துடித்ததும் ‘மாரடைப்பு’ என்று மனம் அஞ்சுகிறது; அந்த அச்சமே துடிப்பை மேலும் கூட்டுகிறது; தப்பித்து மேலே ஓடி வந்ததால்தான் பிழைத்தோம் என்று நம்பி, மறுநாள் மெட்ரோவையே தவிர்க்கிறீர்கள். சிகிச்சையாளர் இந்தச் சுழலைப் புரியவைத்து, முதல் வாரம் நடைமேடையில் நிற்கவும், அடுத்து மண்ணடி வரை ஒரே ஒரு நிலையம் செல்லவும், படபடப்பு தானாக அடங்குவதை நீங்களே காணவும் பழக்குவார். பொதுவாக 10 முதல் 15 அமர்வுகள் ஆகும்.

ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குப் பங்கு போகும் இடத்தில், உங்கள் நோய் எதுவானாலும் அவர்கள் விற்கும் சிகிச்சைதான் உங்களுக்கு ‘ஏற்றதாக’ இருக்கும். சில வார வகுப்பில் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியவர்களும் தங்களைத் தெரபிஸ்ட் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். எனவே ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ (மருத்துவ உளவியலாளர்) என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள்; அதன் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

இதில் ஒரு விதிவிலக்கைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மனநலச் சமூகப் பணியாளர்கள் அந்தப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். அதற்காக அவர்களைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவர்களையும் மனநல வல்லுநர்களாகவே ஏற்கிறது. அவர்களுக்கான பதிவு மாநில மனநல ஆணையத்தைச் சேர்ந்தது. மனநலச் சமூகப் பணியில் எம்.ஃபில். முடித்து, மருத்துவமனையில் பயிற்சி பெற்ற ஒருவர், உங்களுக்கு இந்தச் சிகிச்சையைச் செம்மையாகவே அளிக்க முடியும்.

உங்களுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும், கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகமும் உள்ளன. முதலில் மருந்துச் சீட்டுதான் கிடைக்கும். உளவியல் சிகிச்சையை நீங்களே வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கலாம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு சிகிச்சைக்குப் போதிய ஆட்களை நியமிக்காமல், புறநோயாளிகளை டோக்கன் போட்டு நகர்த்தும் ஏற்பாட்டை இன்னும் எத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொள்வது என்பது எனக்குப் புரியவில்லை. ஆனாலும் கேளுங்கள், அமர்வுக்கு நாள் தரும் வரை விடாதீர்கள்.

தனியாரிடம் சென்றால் அமர்வுக்கு அமர்வு பணம் கொடுங்கள். நான்கு அமர்வுகள் கழிந்தும் வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் தரவில்லை என்றால், வேறொருவரைப் பாருங்கள். இடைப்பட்ட நாட்களில் பேச ஆள் வேண்டுமானால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.