தாத்தா மெடல் அசல்தானா? கேள்வி பதில்

பழைய ராணுவ மெடல்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மெடலைக் கையில் எடுத்ததும் ராஜா முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, பரணில் கொள்ளுத்தாத்தாவின் மெடல் கிடைத்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் துணியில்லாமல் குதிரைமேல் ஒரு ஆள், 1914, 1918 என்று இருக்கிறது. வெள்ளியே இல்லை, செம்பு நிறம். போலி என்று நகைக்கடையில் சொல்லிவிட்டார்கள்.

பதில்: நகைக்கடைக்காரருக்கு வெள்ளி தெரியும், மெடல் தெரிய வேண்டும் என்று இல்லை. அது பிரிட்டிஷ் வார் மெடல். சண்டைக்குப் போன சிப்பாய்க்கு வெள்ளியில் கொடுத்தார்கள். லேபர் கோர் மாதிரிப் படைகளில் மூட்டை தூக்கவும் ரோடு போடவும் போன இந்தியர், சீனர், மால்டாக்காரர்களுக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளியை விட வெண்கலம் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு, சேகரிப்பவர்கள் தேடுவதே அதைத்தான். விளிம்பில் எண், பெயர், படை பெயர் இருக்கும், லென்ஸ் வைத்துப் படியுங்கள். லேபர், போர்ட்டர் என்று வந்தால் உலோகத்தோடு பொருந்துகிறது. அப்புறம், தயவுசெய்து உரைகல்லில் உரசக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் போடுவார்களாமே?

பதில்: போடுவார்கள், அதுவும் மெடல் அசலாக இருக்கும், பெயர் மட்டும் பொய், அதனால்தான் ஏமாறுகிறோம். நானும் ஆரம்பத்தில் ஒன்றில் ஏமாந்தேன், விற்றவர் சொன்ன கதை அவ்வளவு நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) வைத்தபோதுதான் புத்தி வந்தது. வார் மெடலின் விட்டம் 36 மி.மீ., மேலிருந்து கீழாக, குறுக்காக, சாய்வாக என்று நாலைந்து இடத்தில் அளந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் பெயர் இருந்த பக்கம் மட்டும் அரை மி.மீ. குறைந்தது. அராவினால் உலோகம் போகத்தானே செய்யும்? லென்ஸில் பார்த்தால் எழுத்துக்கு அடியில் நீளவாக்கில் அரத்தின் கீறல், விளிம்பின் கூர் மழுங்கியிருந்தது. எழுத்தையும் கவனியுங்கள், முதல் உலகப்போர் மெடல்களில் அச்சு வைத்து அழுத்திய எழுத்துதான் வரும், உளியால் செதுக்கியது இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் இதை எல்லா மெடலுக்கும் பொருத்திவிடாதீர்கள், 1800களின் இந்தியப் போர் மெடல்கள் பலவற்றில் அரசாங்கமே கூட்டெழுத்தில் செதுக்கித்தான் கொடுத்தது.

கேள்வி: பர்மா ஸ்டாரில் பெயரே இல்லை. போலியா?

பதில்: இல்லை. இரண்டாம் உலகப்போரின் ஸ்டார்களை, அதாவது நட்சத்திர வடிவ மெடல்களை, பிரிட்டன் தன் சிப்பாய்களுக்குப் பெயர் போடாமலே கொடுத்தது. அதனால்தான் இதில் நகலும் அதிகம். நடுவில் உள்ள ராஜ முத்திரை எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா, முதுகில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். குழி இருந்தால் பெரும்பாலும் வார்த்தெடுத்த நகல். டிஸ்சார்ஜ் புத்தகம் (படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்தது) இருந்தால் மெடலை விட அதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: புற ஊதா லைட்டில் ரிப்பன் பளீரென்று ஒளிர்ந்தால் புதுசுதானே சார்?

பதில்: ரிப்பன் புதுசாக இருக்கலாம். அல்லது உங்கள் பாட்டி அதை சோப்புப் பவுடரில் ஊறவைத்திருக்கலாம், அதுவும் ஒளிரும். ரிப்பன் நைந்தால் மாற்றுவது சகஜம், அதை வைத்து மெடலைத் தீர்மானிக்க முடியாது.

கேள்வி: திப்புவை வென்றதற்குக் கொடுத்த மெடல் ஒன்று விலைக்கு வருகிறது. பெயரும் இல்லை, வளையமும் இல்லை.

பதில்: ஸ்ரீரங்கப்பட்டணம் மெடல். 1799 மே 4 கோட்டை விழுந்ததற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்தது, சிங்கம் புலியை அமுக்கிப் பிடித்திருக்கும் (புலி யார் என்று சொல்ல வேண்டியதில்லை). பதவிக்கு ஏற்றபடி தங்கம், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். பெயரும் வளையமும் இல்லாமல்தான் வந்தது, வளையம் அவரவர் பின்னால் மாட்டிக்கொண்டது. பர்மிங்ஹாமில் அடித்தது 48 மி.மீ., கல்கத்தாவில் அடித்தது 45. இரண்டுக்கும் நடுவில் 47 என்று வந்தால் நான் தொடமாட்டேன். அசலை அச்சாக வைத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும், சிங்கத்தின் பிடரி மயிரும் மொழுக்கென்று ஆகிவிடும்.

கேள்வி: விக்டோரியா கிராஸ் பதினைந்தாயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

பதில்: தம்பி, ஓடிவிடு. அது பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது. அதை ஆரம்பத்திலிருந்தே செய்து தருவது லண்டனில் ஹான்காக்ஸ் என்ற ஒரே நகைக்கடை. யாருக்கு, எந்த நாள் செயலுக்கு என்பது பின்பக்கமே பொறித்திருக்கும். வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் பதிவில் இருக்கிறார்கள்.

கேள்வி: முதல் உலகப்போர் மெடலை வெளிநாட்டுக்காரர் கேட்கிறார், கூரியரில் அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக்கூடாது. அந்த மெடல்கள் இப்போது நூறைத் தாண்டிவிட்டன. முதலில் தொல்லியல் துறையில் கேளுங்கள்.

கேள்வி: பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்...

பதில்: போன களிம்பு (காலப்போக்கில் உலோகத்தின் மேல் படிந்த படலம்) திரும்பாது அக்கா. தண்ணீரில் கழுவி, துடைத்து, நன்றாக உலரவிட்டு வையுங்கள். விளிம்பில் பெயர் மிச்சம் இருக்கிறதா? அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.