செம்மண்ணில் கச்சான் மஞ்சளிக்கிறதே?

கேள்வி: நெடுங்கேணியில் அரை ஏக்கர் கச்சான் போட்டிருக்கிறேன். மாரியில் போட்டது நல்லாய் வந்தது. சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைத்த பயிரில் குருத்திலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறவில்லை. வேருக்கு இரும்பு எடுத்துக் கொடுக்கும் பற்றீரியா என்று போத்தலில் விற்கிறார்கள். வாங்கலாமா? அது கட்மியம் மாதிரி நஞ்சையும் சேர்த்து எடுத்துத் தராதா?

பதில்: போத்தலை வாங்க முன் வீட்டுக் கேத்தலுக்குள் பாருங்கள். அடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படிந்திருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

யூரியா கொடுக்கும் தழைச்சத்துக் குறைந்தால் முதலில் மஞ்சளிப்பது அடியிலுள்ள முதிர்ந்த இலை. இரும்பு அப்படியில்லை. பழைய இலையிலிருந்து குருத்துக்கு அது ஏறாது, அதனால் குருத்துத்தான் முதலில் வெளிறும். யூரியா கேட்காததில் அதிசயமில்லை.

உங்கள் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை, அந்தச் சிவப்பே இரும்புதான். ஆனால் எல்லாம் துருவாய்க் கிடக்கிறது. பீ.எச். என்பது மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு, காரம் கூடக் கூட ஏறும். அது ஒரு அலகு ஏறினால் கரைந்து கிடைக்கும் இரும்பு ஏறத்தாழ 1000 மடங்கு குறையும். கச்சான் வேர் புளிப்பைக் கசியவிட்டுத் துருவை இளக்கப் பார்க்கும். வேரைச் சுற்றியுள்ள சில மில்லிமீற்றர் மண்ணில் வாழும் பற்றீரியாக்களும் அதற்குக் கைகொடுக்கும். வேர் கசியும் சீனியைத் தின்று, அமிலங்களையும் ‘சிடரோபோர்’ என்ற பொருளையும் அவை வெளிவிடும். சிடரோபோர் துருவிலிருந்து இரும்பைக் கவ்விக் கரைசலுக்குக் கொண்டுவர, வேர் தன் மேற்பரப்பில் அதைக் கழற்றி எடுத்துக்கொள்ளும். இந்தப் பற்றீரியாக்கள் இல்லாதபடி கிருமி நீக்கிய மண்ணில் சூரியகாந்தியை வளர்த்துப் பார்த்தபோது, மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்கு இரும்பு போதவில்லை.

கேத்தலில் சுண்ணாம்பு படிய வைப்பது கிணற்றுத் தண்ணீரில் கரைந்துள்ள பைகாபனேற்று என்ற உப்பு. அது, வேரும் பற்றீரியாவும் விடுகிற புளிப்பை விட்ட உடனேயே முறித்துவிடும். மழைத் தண்ணீரில் அது இல்லை, அதனால்தான் மாரிப் பயிர் தப்பியது. இப்படி இருக்க போத்தல் பற்றீரியாவை ஊற்றினாலும் அதே தண்ணீரோடுதான் அதுவும் மல்லுக்கட்ட வேண்டும். நானென்றால் இந்தப் போகத்தில் வாங்க மாட்டேன்.

முதலில் ஒரு சோதனை. ஒரு லீற்றர் மழைத் தண்ணீரில் 5 கிராம் பெரசு சல்பேற்று என்ற இரும்பு உப்பைக் கரைத்து, நாலைந்து துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் கரைசல் துருநிறமாகிவிடும், அப்படியானதைத் தெளிக்காமல் வெளியே கொட்டிவிட வேண்டியதுதான். பின்னேரம் நாலு செடிக்கு மட்டும் தெளியுங்கள். ஒரு கிழமைக்குள் அந்த இலைகள் பச்சை பிடித்தால் குறை இரும்புதான், முழுத் தோட்டத்துக்கும் தெளிக்கலாம். மாறாவிட்டால் செடியைப் பிடுங்கிக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். பிடுங்கியதும் வேர் முடிச்சொன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாய் இருந்தால் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும் தன் வேலையைச் செய்கிறது, யூரியாவுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. அந்தச் சிவப்புக்கும் இரும்பு வேண்டும்.

தண்ணீரை வாய்க்கால் நிரம்பக் கட்டாதீர்கள். மேல்மண் காய்ந்தபின் இறையுங்கள். பூத்து விழுது இறங்கும் நாட்களில் மட்டும் காயவிடக் கூடாது. அடுத்த முறை விதைக்க முன் நன்றாய் உக்கிய மாட்டெருவைச் சாலில் போடுங்கள், உங்கள் மண்ணிலேயே உள்ள பற்றீரியாவுக்கு அது சாப்பாடு. கச்சானுக்கு இடையில் சோளமும் போட்டுப் பாருங்கள். சோள வேர் தானே இரும்பைக் கவ்வும் பொருளைக் கசியும், பக்கத்துக் கச்சானுக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

கட்மியம் பற்றிய பயம் வீணல்ல. சில பற்றீரியாக்கள் அதையும் இளக்கிவிடும், சில தங்கள் சுவரிலேயே பிடித்துவைக்கும். போத்தலில் இருப்பது எந்த வகை என்று விற்பவரைக் கேளுங்கள், பெரும்பாலும் பதில் வராது. ஆனாலும் கட்மியம் சுலபமாய் வேருக்குள் போவது புளித்த மண்ணில்தான். சுண்ணாம்புத் தண்ணீர் பாயும் உங்கள் காணியில் அந்த ஆபத்துக் குறைவு.